மூன்று வாரமும் ஓர் இரவும்

பாங்காக்கின் டோன் முவாங் விமான நிலையத்துக்குள் 2011 அக்டோபர் 25 அன்று வெள்ளம் புகுந்தது. அங்கிருந்து மறுபடி பயணிகள் விமானம் கிளம்பியது 2012 மார்ச்சில். சென்னை விமான நிலையம் 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றுத் தண்ணீரில் மூழ்கியது. ஆறாம் தேதியே பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. முன்னதற்கு நான்கு மாதத்துக்கும் மேல், பின்னதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

இரண்டு நகரங்களும் கடலை ஒட்டிய சமதரையில் இருப்பவை. வாய்க்காலையும் ஏரியையும் சதுப்பையும் தூர்த்து வளர்ந்தவை. விமானம் இறங்க இரண்டும் தேர்ந்தெடுத்ததுகூடத் தண்ணீரின் இடத்தைத்தான். பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையம் நாகப்பாம்புகளுக்குப் பேர்போன சதுப்பின்மேல் எழுந்தது. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிப் பாலத்தின்மேல் ஓடுகிறது. இத்தனை ஒற்றுமை இருந்தும் இரு வெள்ளங்களும் இரண்டு வேறு வாழ்க்கைகளைத் தந்தன. தண்ணீர் வந்த வேகமே அதற்குக் காரணம். மக்கள் எதைச் சேமித்தார்கள், யாரை நம்பினார்கள், யாரோடு மோதினார்கள் என்பதுவரை அந்த வேகம்தான் முடிவு செய்தது என்று நினைக்கிறேன்.

ஆயுத்தயா அக்டோபர் தொடக்கத்தில் மூழ்கியது. அங்கிருந்து பாங்காக் எண்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில் சரிவென்று சொல்ல எதுவும் இல்லை. வயல் வயலாக, தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாக ஊர்ந்து நகரத்தின் வடக்கு விளிம்பைத் தொட அந்தத் தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. இன்று எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறது, நாளை எந்தச் சாலையைத் தாண்டும் என்று தொலைக்காட்சி தினமும் வரைபடம் காட்டியது. சென்னையில் டிசம்பர் முதல் தேதி விடிந்ததிலிருந்து மழை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்துகொள்ள, அடையாறு ஒரே இரவில் மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஏறிப் போயிற்று. "ஏரியத் தொறந்துட்டாங்களாம்" என்ற பேச்சு காதில் விழுவதற்குள் பல வீடுகளில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியிருந்தது.

மூன்று வார அவகாசம் கிடைத்த நகரம் முதலில் செய்தது சுவர் எழுப்புவது. பாங்காக்கின் கடைத்தெருக்களில் வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு சிமெண்டுக்கல் சுவர் கட்டி, உள்ளே போய்வர இரு பக்கமும் படி வைத்தார்கள். மணல்மூட்டை விலை ஏறியது. குடிநீர் பாட்டிலும் உடனடி நூடுல்ஸும் முட்டையும், நகரின் நடுப்பகுதியில் ஒரு சொட்டு வெள்ளம் வருவதற்கு முன்பே, கடை அலமாரிகளிலிருந்து மறைந்தன. கார் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுபோய் உயர்மட்டச் சாலைகளின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். அக்டோபர் 27 முதல் 31 வரை அரசு விடுமுறை அறிவித்து, முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. போனார்கள்.

சென்னைவாசிக்கு முன்னேற்பாடு என்று ஒன்று இருக்கவில்லை. அன்றிரவு கையில் இருந்ததே இருப்பு. கீழ்வீட்டுக்காரர்கள் மேல்வீட்டுக்கு ஏறினார்கள். மேல்வீட்டிலும் தண்ணீர் வந்த இடங்களில் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஒரே கட்டடத்தில் வருடக்கணக்காக இருந்தும் பெயர் தெரியாத குடும்பங்கள் ஒரு தார்ப்பாயின்கீழ் படுத்தன. மின்சாரம் நிறுத்தப்பட்டதால் மோட்டார் போட வழியில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. கைப்பேசி இணைப்பு அறுந்தது. ஏ.டி.எம். இயங்காததால் வங்கியில் லட்சம் வைத்திருந்தவரும் சட்டைப்பையில் இருந்த நோட்டை எண்ணவேண்டியதாயிற்று. சில இடங்களில் ஒரு பால் பாக்கெட் நூறு ரூபாய்க்குப் போனது. பாங்காக்கில் தட்டுப்பாடு வெள்ளத்துக்கு முன்னால் நடந்தது, சென்னையில் வெள்ளம் வந்த மறுநாள் காலை தொடங்கியது. முன்னதை அச்சம் உண்டாக்கியது, பின்னதைச் சாலை துண்டிப்பு. அலமாரியின் தோற்றம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றே.

பிறகு சென்னையும் பாங்காக்கின் பாடத்தைத் தானாகவே கற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் முதல் வேலையாகத் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் படத்தையும் 2011இன் பாங்காக் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த ஊர் என்று பிரித்தறிய வண்டி எண்களைத்தான் பார்க்கவேண்டும்.

இனி படகுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான்.

பாங்காக் ஒரு காலத்தில் வாய்க்கால்களில் வாழ்ந்த நகரம். தொன்புரிப் பக்கத்து வீடுகள் மரக்கால்களின்மேல் நின்றன. மக்கள் சந்தைக்குப் போவதும் துறவிகள் பிட்சை வாங்கப் போவதும் படகில்தான். 1942 வெள்ளத்தில் மக்கள் நகர வீதிகளில் துடுப்புப் போட்டுப் போகும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றிலிருக்கும் முகங்களில் பதற்றம் குறைவு. அதன்பின் வாய்க்கால்கள் பல சாலைகளாயின, வீடுகள் தரைக்கு இறங்கின, படகு சுற்றுலாப் பயணிக்கு உரிய பொருளாயிற்று. 2011இல் திடீரென்று எல்லாருக்கும் படகு வேண்டியிருந்தது. விலையோ எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்போது அந்த நகரத்தின் கைத்திறன் விழித்துக்கொண்டது. காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். தெர்மோகோல் பலகையின்மேல் நாற்காலி போட்டார்கள். துணி துவைக்கும் பெரிய பேசினில் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். துறவிகள் பிட்சைக்குப் படகில் வந்தார்கள். வெள்ளம் வடியாமலேயே நவம்பர் 10 அன்று லோய் கிரத்தோங் திருநாள் வந்தது, வாழைமட்டைத் தெப்பத்தில் விளக்கேற்றி நீர்த்தாயிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். ஆற்றங்கரைக்குப் போகும் தேவை அந்த ஆண்டு பலருக்கு இருக்கவில்லை. சொந்த வாசலிலேயே விட்டார்கள்.

சென்னையில் படகு செய்ய யாருக்கும் நேரமில்லை. படகு கடற்கரையிலிருந்து வந்தது. மீனவக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி, கடலையே பார்க்காத தெருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பி, மதில், மூழ்கிய கார், மறைந்து கிடக்கும் கழிவுநீர்க் குழி என்று கடலில் இல்லாத ஆபத்துகளுக்கு நடுவே ஓட்டினார்கள். கடல் நீரோட்டத்தைப் படித்த கண்ணுக்குத் தெருவின் இழுப்பும் புரிந்தது. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் மாடி சன்னலிலிருந்து இறக்கியவர்கள் பலநேரம் இவர்கள்தான். மெரினாவை அழகுபடுத்துவதற்காக 1985இல் இதே மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்றியதும், எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் இதே நகரம். முப்பது ஆண்டு கழித்து அந்த மணலில் இருந்துதான் மீட்பு வந்தது.

பாங்காக் தன் கைக்குள் மறந்திருந்த பழக்கத்தைத் தேடி எடுத்தது. சென்னை தான் ஓரம் தள்ளிய மனிதர்களை நடுத்தெருவுக்கு அழைத்துக்கொண்டது. இரண்டு நகரங்களையும் தூக்கிநிறுத்தியவை அவை நவீனமாவதற்காகக் கைவிட்ட பொருளும் திறனும் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. நீரோடு வாழ்ந்த அறிவு இரண்டு இடத்திலும் அழியவில்லை. மதிப்பிழந்து கிடந்தது, அவ்வளவே.

செய்தி போய்ச்சேர்ந்த விதத்திலும் எதிர்பாராத உறவு உண்டு. தாய்லாந்து அரசு வெள்ள நிவாரணத் தலைமையகத்தை டோன் முவாங் விமான நிலையத்தில் அமைத்தது. அந்த நிலையமே மூழ்க, தலைமையகம் இடம்பெயர்ந்தது. தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ரங்சித் வளாகம் ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலமாக இருந்து, பிறகு தானே மூழ்கி, அங்கிருந்தவர்களை மறுபடி அகற்றும்படி ஆயிற்று. சென்னையில் தி ஹிந்து நாளிதழ் 1878இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாமல், டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. உதவவேண்டிய இடத்துக்கே உதவி தேவைப்பட்டது, இங்கும் அங்கும்.

அந்த வெற்றிடத்தைச் சாதாரண மக்கள் நிரப்பினார்கள். பாங்காக்கில் ஆட்சியிலிருந்த பிரதமர் யிங்லக் ஒரு கட்சி, நகர ஆளுநர் சுகும்பன்த் எதிர்க்கட்சி. எச்சரிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, காலையில் வெளியேறச் சொன்ன அறிவிப்பு மாலையில் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. அப்போது இளைஞர்கள் சிலர் சிறு அசைபடம் ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். வரவிருக்கும் ஆயிரம் கோடி கன மீட்டர் தண்ணீரை, கடலுக்கு வழி தேடும் ஐந்து கோடி நீலத் திமிங்கிலங்களாக வரைந்திருந்தார்கள். திமிங்கிலத்துக்குப் பகை எதுவும் இல்லை, வழிவிட்டால் போய்விடும் என்ற அதன் தொனி அமைச்சர்களின் உரைகளைவிட அதிகம் பேரை அமைதிப்படுத்தியிருக்கும். காத்திருக்கும் மக்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. சென்னைக்கு விளக்கம் கேட்க நேரமில்லை, முகவரிதான் தேவைப்பட்டது. இன்ன தெருவில் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் நோயாளி, இன்ன மண்டபத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு இருக்கிறது என்று முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் பொது அட்டவணைகளைத் தொகுத்தார்கள். அவர்களில் பலர் வேறு நகரங்களில், வேறு நாடுகளில் உட்கார்ந்துகொண்டு இரவெல்லாம் தொலைபேசியில் சரிபார்த்தார்கள்.

வதந்தியில்கூட இரு நகரங்களும் ஒரே விலங்கைத் தேர்ந்தெடுத்தன. தாய்லாந்தில் பண்ணைகளிலிருந்து முதலைகள் உண்மையாகவே தப்பின. பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று மீன்வளத் துறை அறிவித்தது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியேறிவிட்டதாக வாட்ஸ்அப் பரப்பியது. ஒன்றுகூட வெளியேறவில்லை என்று பண்ணை நிர்வாகம் மறுத்தது. உண்மையோ பொய்யோ, கணுக்கால் மறையும் கலங்கல் தண்ணீருக்குள் மனித மனம் வைக்கும் உருவம் ஒன்றுதான் போலும்.

மெல்ல வந்த வெள்ளத்துக்கு ஒரு கசப்பான விளைவு இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்க நேரம் கிடைத்ததால், யார் நனைய வேண்டும் என்பதும் தீர்மானத்துக்குள் வந்தது. பாங்காக்கின் நடுவில் சீலோமும் சுகும்வித்தும் உலர்ந்திருக்க, டோன் முவாங், சாய் மாய், பாங் பூவா தோங் மக்கள் வாரக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றார்கள். டன் எடையுள்ள பெரும் மணற்பைகளால் போட்ட தடுப்புக்கு வடக்கே இருந்தவர்கள் அதை ஒருநாள் தாங்களே பிரித்தார்கள். க்லோங் சாம் வா மதகைத் திறக்கச் சொல்லி மக்கள் திரண்டு, அக்டோபர் 31 அன்று அரசைப் பணியவைத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நகரின் நடுப்பகுதியைக் காப்பது நாட்டின் பொருளாதாரத்துக்கு அவசியம் என்ற வாதத்திலும் காரணம் உண்டு. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

சென்னையில் அப்படி எல்லை வகுக்க அவகாசம் இல்லை. கோட்டூர்புரத்தின் அடுக்குமாடியும் சைதாப்பேட்டையின் குடிசையும் ஒரே இரவில் ஒரே ஆற்றிடம் சிக்கின. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலங்களாகப் போயின. கோவை, மதுரை, பெங்களூரிலிருந்து போர்வையும் பாயும் ஏற்றிய வண்டிகள் வந்தன. இந்த ஒற்றுமையை நாம் நிறையப் பாடியிருக்கிறோம். பாடத் தக்கதுதான். ஆனால் தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்த நகரத்தின் ஒற்றுமை அது என்பதையும் சேர்த்து எடைபோடவேண்டும். பாங்காக்கைப் போல வாரக்கணக்கில் நின்றிருந்தால் நாமும் யார் மதகை யார் மூடுவது என்று மோதியிருக்கமாட்டோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த ஒரு வாரத்திலேயே நிவாரணப் பொட்டலத்தில் யார் படம் ஒட்டுவது என்ற தகராறு எழுந்துவிட்டது. சேற்றையும் மட்கிய குப்பையையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு அந்தப் பாட்டில் ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை. மறுபுறம், பாங்காக்கிலும் மாணவர்கள் இரவு பகலாக மணல்மூட்டை நிரப்பினார்கள், அக்கம்பக்கத்தார் சமைத்துப் படகில் அனுப்பினார்கள். அன்பு அங்கே குறையவில்லை. நீண்ட நாள் தாங்கவேண்டியிருந்ததால் களைத்தது.

அணைகளின் கதையில் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று தழுவுகின்றன. முந்தைய ஆண்டின் வறட்சி நினைவிலிருந்ததால் தாய்லாந்தின் பூமிபோல், சிரிகித் அணைகளில் தண்ணீரைத் தேக்கிவைத்தார்கள். அவை நிரம்பித் திறக்கவேண்டி வந்தபோது கீழே ஆறு ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்தது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்கு, குடிநீர் ஏரியில் ஓர் அடி நீரைத் திறந்துவிடுவதும் எளிதான முடிவு இல்லை. சென்னை வெள்ளத்தில் மனிதத் தவறு இருந்தது என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர் சொன்னது. தாய்லாந்தில் அணை நிர்வாகம் பற்றிய வாதம் ஓயவேயில்லை. இரண்டு இடத்திலும் தாகத்தின் பயம் வெள்ளத்துக்கு வழி செய்தது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வெடித்த மண்ணாகக் கிடந்ததையும் பார்த்தபிறகு, மதகின் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் பொறியாளரை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியேறும் நீரைத் தாங்கிக்கொள்ள வழியில் ஏரியும் சதுப்பும் மிச்சம் வைக்காதவர்கள்தான் அவருடைய கையைக் கட்டியவர்கள்.

தாய்லாந்து முழுவதும் அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் 815 பேர். மாடியில் தங்கிய வீடுகளுக்காகப் பல இடங்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததால், மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் அதில் கணிசம். தமிழ்நாட்டில் அந்தப் பருவமழை 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு அரசுகளும் கைநீட்டிய திசை ஒன்றே: வாய்க்கால் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் வீடு கட்டியிருந்த ஏழைகள். நீரின் வழியை மறித்தவர்கள் அவர்கள்தான் என்றார்கள். ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எழுந்த பெரிய கட்டடங்களைப் பற்றி அதே குரலில் யாரும் பேசவில்லை, பாங்காக்கிலும் சரி, சென்னையிலும் சரி.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் பெரிய பிரிவு இருக்கிறது. பாங்காக்கின் லாத் பிராவ் வாய்க்காலில் கான்கிரீட் கரை எழுப்பும் வேலை தொடங்கியபோது, கரையோரக் குடும்பங்கள் தண்ணீருக்குள் நீட்டியிருந்த வீடுகளை இடித்தன. பல சமூகங்கள் கூட்டுறவு சேமிப்புக் குழு அமைத்து, கடன் பெற்று, அரசு நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, அதே கரையில் பின்தள்ளிக் குறுகலான இரண்டு மாடி வீடுகளைக் கட்டிக்கொண்டன. எல்லாரும் மனம் ஒப்பிச் செய்ததல்ல அது. கடன் சுமை உண்டு, மறுத்து நின்றவர்கள் உண்டு, இடம் சுருங்கியது என்ற குறையும் உண்டு. சென்னையில் அடையாற்றங்கரைக் குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். வேலை பார்த்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் பின்னால் நின்றுவிட்டன; பேருந்தில் போகவர தினமும் மணிக்கணக்கு. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பின் அண்டைநிலம். கனமழை பெய்தால் அங்கும் தண்ணீர் தேங்குகிறது.

இதுவரை இரண்டு பக்கமும் சமமாகப் பார்த்துவந்த எனக்கு இந்த இடத்தில் நடுவில் நிற்க இயலவில்லை. ஒரே குற்றச்சாட்டு, ஒரே வகைக் குடும்பங்கள், ஒரே ஆபத்து. ஆனால் பாங்காக்கில் ஒரு பகுதி மக்களையாவது உட்காரவைத்து, கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளினால் நீரும் ஓடும் நீங்களும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். படகு ஓட்டவும் நீர்மட்டம் ஏறுவதைக் கண்ணாலேயே படிக்கவும் தெரிந்தவர்கள் கரையிலேயே இருப்பது நகரத்துக்கு நல்லது என்பதை 2011இன் அந்த வெள்ள வாரங்கள் காட்டியிருந்தன. அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இன்னும் இடமிருக்கிறது. அங்கே அகற்றப்படாமல் எஞ்சியிருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து அதைத் தொடங்கவேண்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக.